உருகி ஒட்டிய நெகிழியும் அதனை அகற்றும் நெறியும்

அன்றாட வாழ்வில் நேரும் சிறு இடர்கள் பல, பொருளின் இயல்பை அறியாது செயற்படுவதாலேயே பெரியனவாகின்றன. மோட்டார் சைக்கிளின் புகைபோக்கிக் குழாயில் நெகிழி உருகி ஒட்டிக்கொள்வது அத்தகைய இடர்களுள் ஒன்று. பேச்சு வழக்கில் சைலன்சர் எனப்படும் இக்குழாயின் மீது கடைப்பையோ மழைச்சட்டையோ வண்டியின் மேலுறையோ ஒரு கணம் பட்டாலே போதும். பளபளத்த உலோகத்தில் கரும்படலம் படிந்துவிடும். அதனைக் கண்டவர் உடனே கத்தியை நாடுகிறார். அல்லது பெட்ரோலில் துணியை நனைக்கிறார். முன்னது குழாயைக் கெடுக்கும். பின்னது உயிருக்கே ஊறு விளைக்கும். இவ்விரண்டும் இன்றிக் கறையை நீக்கும் நெறி யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குரோமியம் பூசிய குழாயில் பாலிதீன் பை ஒட்டிய நிலையைச் சிறப்பாக எடுத்துக்கொள்வோம்.

நான்கு வினைச்சொற்கள்

வெப்பத்தால் ஒரு பொருள் அடையும் மாற்றங்களைக் குறிக்கத் தமிழில் இளகுதல், உருகுதல், கருகுதல், எரிதல் என நான்கு சொற்கள் உள்ளன. இறுக்கம் தளர்ந்து மென்மையாவது இளகுதல். வடிவிழந்து குழம்பாவது உருகுதல். பொருள் தன் தன்மையே மாறிக் கரியாவது கருகுதல். தீப்பற்றி அழிவது எரிதல். முதல் இரண்டும் மீளக்கூடிய மாற்றங்கள். பின் இரண்டும் மீளா மாற்றங்கள். நடைமுறையில் நாம் அனைத்தையும் 'உருகிவிட்டது' என்று ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். குழாயில் ஒட்டிய நெகிழியை இளகும் நிலையில் பிடித்துத் துடைப்பவர் எளிதில் வெற்றி பெறுவார். கருகும் வரை விடுபவர் பல மணி நேரம் தேய்க்க நேரிடும். சொல்லில் உள்ள நுட்பம் செயலிலும் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

நெகிழியின் இயல்பு

நெகிழிகள் இருவகைப்படும். வெப்பத்தால் இளகிக் குளிர்ந்தால் மீண்டும் இறுகுவன ஒருவகை. இவற்றின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாய் அமைந்து, ஒன்றோடொன்று பிணைக்கப்படாமல் இருக்கின்றன. வெப்பம் ஏறியதும் அச்சங்கிலிகள் வழுக்கி நகரும். 1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராத வகையில் உருவான பாலிதீன் இவ்வகையினது. மெல்லிய பைகளுக்குரிய பாலிதீன் ஏறத்தாழ 110 பாகை செல்சியசிலும், பாலிபுரோப்பிலீன் ஏறத்தாழ 160 பாகையிலும், நைலான் 220 பாகைக்கு அண்மையிலும் உருகும். எஞ்சினை ஒட்டிய குழாய்ப்பகுதியோ சாதாரண ஓட்டத்திலேயே 200 பாகையைத் தாண்டக்கூடியது. பை பட்டவுடன் ஒட்டிக்கொள்வதன் காரணம் இதனால் விளங்கும்.

சங்கிலிகள் குறுக்கே பிணைக்கப்பட்டமையால் மீண்டும் இளகாதன மற்றொரு வகை. 1907-ஆம் ஆண்டில் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்லைட் இவ்வகைக்கு முன்னோடி. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரும் இவ்வாறே பிணைப்புற்றது. எனவே ரப்பர்க் காலணியின் அடிப்பகுதி ஒட்டியிருந்தால் அதனைச் சூடேற்றுவதால் பயனில்லை. குளிர்ந்த நிலையிலேயே சுரண்டி எடுத்தல் வேண்டும். மழைச்சட்டைகள் சிலவற்றில் உள்ள பி.வி.சி. முதல் வகையினதாயினும் தனிக் கவனத்திற்குரியது. மிகையான வெப்பத்தில் அது சிதைந்து, மூச்சுக்குழலை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும். ஆதலின் அதனையும் குளிர்ந்த நிலையில் அகற்றுவதே நன்று.

குழாயின் இயல்பு

சென்னைத் திருவொற்றியூர் ஆலையில் உருவாகிப் புகழ்பெற்ற என்ஃபீல்டு புல்லட் முதலிய வண்டிகளின் குழாய்கள் பளபளப்பதற்குக் காரணம் குரோமிய முலாம். இம்முலாம் மிகக் கடினமானது; எனினும் அதன் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதன் அடியில் நிக்கல் படலமும், அதற்கும் அடியில் எஃகும் உள்ளன. கத்தியாலோ உப்புத்தாளாலோ சுரண்டினால் இப்படலங்கள் கிழிந்து, ஈரம் எஃகை எட்டித் துரு தோன்றும். நெகிழிக் கறை நீங்கக்கூடியது. முலாம் போனால் மீளாது. இந்த ஒன்றை மனத்திற்கொண்டால் அவசரம் தானே அடங்கும்.

அகற்றும் முறை

முதலாவதாக, வண்டியை நிறுத்திக் குழாய் முழுதும் ஆறும் வரை காத்திருத்தல் வேண்டும். பின்னர்த் தடித்துத் திரண்ட பகுதிகளின் மீது துணியில் பொதிந்த பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைத்தால் நெகிழி மேலும் இறுகும். அதன் ஓரத்தை மரச்சட்டத்தாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ நெம்பினால் பெரும்பகுதி பெயர்ந்துவிடும்.

இரண்டாவதாக, எஞ்சிய படலத்தை இளக்குதல். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓட்டுக. அடைத்த அறையில் இதனைச் செய்தலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. படலம் பளபளத்து மென்மையாகும் தறுவாயில் எஞ்சினை நிறுத்திவிடுக. தோல் கையுறை அணிந்து, மடித்த தடித்த பருத்தித் துணியால் ஒரே திசையில் அழுத்தித் துடைத்தல் வேண்டும். பாலியெஸ்டர் துணி கூடாது. அதுவும் உருகி ஒட்டும். புகை எழுந்தால் இளகும் நிலை கடந்துவிட்டது என்பது பொருள், உடனே நிறுத்துக. ஒரு முறையில் நீங்காவிடில், ஆறவிட்டு மீண்டும் செய்க.

மூன்றாவதாக, மெருகிடுதல். கருகி நின்ற சுவடுகளுக்குச் சமையல் சோடாவைச் சிறிது நீரில் குழைத்துத் தடவி, உணவுப் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்து, குளிர்ந்த குழாயின் மீது மென்மையாகத் தேய்க்கலாம். அலுமினியம் குரோமியத்தினும் மென்மையானதாதலின் முலாம் கீறுவதில்லை. கருவண்ணம் பூசிய குழாய்களுக்கு இம்முறை பொருந்தாது, வண்ணம் போய்விடும். அவற்றிற்கு மரச்சட்டமும் துணியுமே போதும்.

தவிர்க்க வேண்டியன

பாலிதீன் சாதாரண வெப்பநிலையில் பெட்ரோலிலும் அசிட்டோனிலும் கரைவதில்லை. ஆகவே அவற்றால் பயன் சிறிது, ஆபத்தோ பெரிது. சூடான குழாயின் அருகே அவற்றின் ஆவி தீப்பற்றும். கழிவறை தூய்மைக்குரிய அமிலம் குரோமியத்தையே அரிக்கும். பாத்திரம் தேய்க்கும் முரட்டுக் கம்பிநார் கீறல்களை உண்டாக்கும்.

உருகிய நெகிழி தோலில் ஒட்டினால் அதனைப் பிய்த்தெடுத்தல் கூடாது. தோலும் உடன் வந்துவிடும். ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் காட்டிப் பின்னர் மருத்துவரை நாடுக. பற்பசையும் பேனா மையும் தீப்புண்ணுக்கு மருந்தாகா.

வருமுன் காத்தல்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மழைச்சட்டையின் ஓரமும், பின்னிருக்கையில் அமரும் பெண்டிரின் நீண்ட ஆடையும் குழாயை நெருங்காதவாறு காத்தல் வேண்டும். ஆடை ஒட்டினால் கறையோடு நில்லாது, உடலும் சுடப்படும். கைப்பிடியில் பையைத் தொங்கவிடுதலும், ஓட்டம் முடிந்தவுடன் மேலுறை போர்த்துதலும் தவிர்க்கத்தக்கன. குழாயின் மேலுள்ள வெப்பத்தடுப்புத் தகடு கழன்றிருந்தால் அதனை உடனே பொருத்துக. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகள் 2019 சனவரி முதல் தடை செய்யப்பட்டுள்ளன. துணிப்பையை மேற்கொள்வார்க்கு இவ்விடரின் பெரும்பகுதி தானே நீங்கும்.

முடிவுரை

வெப்பத்தால் வந்து ஒட்டிய பொருள், அளவறிந்த வெப்பத்தாலேயே அகல்கிறது. அளவு குறைந்தால் இளகாது, மிகுந்தால் கருகும். வலிமை காட்டும் கையைவிடப் பதம் பார்க்கும் கண்ணே இப்பணியில் முதன்மையானது. சோறு பதமறிந்து இறக்கும் நம் இல்லத்துப் பெண்டிர்க்கு இது புதிதன்று. ஏட்டில் கற்கும் உருகுநிலையையும் சமையற்கட்டில் காணும் பதத்தையும் ஒன்றென உணரும் மாணவர், கற்ற கல்வியைக் கைத்தொழிலில் காண்பவராவர்.