“கழுவினா போதும் தம்பி!”



“ஆள் பாதி, ஆடை பாதி” என்பார்கள் பெரியோர். காருக்கும் அதே கதைதான். இன்ஜின் பாதி என்றால் பெயிண்ட் பாதி. பெயிண்ட் அடிப்பது பற்றி நமக்கு வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அந்தப் பெயிண்ட்டுக்கு மெருகு ஏற்றும் வேலைக்கு வாடிக்கையாளரிடம் எப்படிக் காசு கேட்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. டிப்ளமோ முடித்த எல்லோருக்கும் கம்பெனி வேலை கிடைத்துவிடப் போவதில்லை. சொந்தமாக ஒரு சின்ன ஷெட் போட நினைக்கிற நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாட்டர் சர்வீஸில் வேலை பார்க்கிறேன். “சார், பாலிஷ் போட்டுடலாமா?” என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்லும் பதில்தான் மேலே உள்ள தலைப்பு!

1. பெயிண்ட்டின் கனம் எவ்வளவு?

தகட்டின் மேல் முதலில் துருத் தடுப்புப் பூச்சு, அடுத்து பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். 1,000 மைக்ரான் சேர்ந்தால் 1 மில்லி மீட்டர். கிளியர் கோட் மட்டும் சுமார் 40 முதல் 50 மைக்ரான். அதாவது செய்தித்தாளின் ஒரு தாளை விட மெல்லியது! பளபளப்பு முழுக்க அந்த மெல்லிய தோலில்தான் இருக்கிறது.

வழவழப்பான பரப்பில் ஒளி ஒரே திசையில் திரும்பும், முகம் தெரியும். நுண்ணிய கீறல்கள் விழுந்துவிட்டால் ஒளி நாலா பக்கமும் சிதறும்; நிறம் வெளுத்த மாதிரி தெரியும். வெயிலில் நிற்கும் கருப்புக் காரைப் பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி கோடுகள் தெரியும். அவை பெரும்பாலும் கழுவும்போது விழுந்தவை!

2. நம்ம ஊரில் ஏன் சீக்கிரம் மங்குகிறது?

முதல் காரணம் தூசி. தூசியோடு வந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். இரண்டாவது, தண்ணீர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கத்திலேயே பல வீடுகளில் வண்டி கழுவ போர் தண்ணிதான். உப்புத் தண்ணீரை ஊற்றி வெயிலில் அப்படியே காயவிட்டால், தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலுள்ள சுண்ணாம்பு வெள்ளை வட்டமாகத் தங்கிவிடும். மூன்றாவது, பறவை எச்சம். நிழலுக்காக மரத்தடியில் வண்டியை விடுகிறோம். எச்சம் வெயிலில் காய்ந்தால் கிளியர் கோட்டை அரித்துவிடும். இந்தக் காரணங்களை வாடிக்கையாளருக்கு அவருடைய வண்டியிலேயே தொட்டுக் காட்ட வேண்டும்.

3. மெருகு பூசுவதா, எடுப்பதா?

திருச்சிக்காரர்களுக்கு மெருகு புதிதல்ல. திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்தில் செயற்கை வைரக்கல் பட்டை தீட்டி எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. எங்கள் அப்பாவும் அந்தத் தொழில்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாலிஷ் பற்றி அவரிடம் கேட்டபோது, “மெருகுங்கிறது பூசுறது இல்லடா, தேச்சு எடுக்கிறது. முதல்ல முரடு, அப்புறம் நைசு” என்றார். கார் பாலிஷின் முழுப் பாடமும் அந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது. (அமெரிக்காவில் ஃபிராங்க் மெக்வையர் என்பவர் 1901ல் மரச் சாமான்களுக்குத்தான் பாலிஷ் செய்து விற்க ஆரம்பித்தார். இன்று அந்தப் பெயர் கார் பாலிஷ் டப்பாக்களில் இருக்கிறது.)

வித்தியாசத்தைக் கவனியுங்கள்:

வாஷ் – அழுக்கை எடுக்கும்.
மெழுகு – மேலே பூசுவது. கீறலைக் கொஞ்ச நாள் மறைக்கும், பிறகு கரைந்து போகும்.
பாலிஷ் – கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சில மைக்ரான் தேய்த்துச் சமப்படுத்தும், கீறலே போய்விடும்.

4. மூன்று தயக்கங்கள், மூன்று பதில்கள்

(அ) “கழுவினா போதும் தம்பி.” – “சார், அழுக்குன்னா கழுவினா போயிடும். இது கீறல், பள்ளம். பள்ளத்தைக் கழுவ முடியாதுங்க.”

(ஆ) “வேற கடையில பாதி விலைக்கே போடுறாங்களே?” – அடுத்த கடையைக் குறை சொல்லாதீர்கள். “வேலை முடிஞ்சதும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டுத் துடைச்சுக் காட்டுறோம் சார். மேலே எண்ணெயோ மெழுகோ பூசி மறைச்சிருந்தா துடைச்சதும் கீறல் திரும்பத் தெரியும். அப்படித் தெரிஞ்சா காசு தர வேண்டாம்” என்று சொல்லுங்கள்.

(இ) “மறுபடியும் கீறல் விழத்தானே போகுது?” – அவர் சொல்வது உண்மை. ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு நிழலில் கழுவுவது, சோப்புக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி என்று வைத்துக்கொள்வது, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுப்பது, இவற்றைச் சொல்லிக் கொடுங்கள். “இதையெல்லாம் சொன்னா அவர் திரும்ப வருவாரா?” என்று நண்பன் ஒருவன் கேட்டான். வண்டி கழுவ வருவார், கூடவே இன்னொருவரை அழைத்தும் வருவார்.

5. ஒரு சாண் இடம்

எவ்வளவு பேசினாலும், கண்ணால் பார்ப்பதற்கு ஈடாகாது. வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்தபின், ஒரு சாண் அகலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் பாலிஷ் போட்டு, டேப்பை எடுத்து, வெயிலிலோ டார்ச் வெளிச்சத்திலோ காட்டுங்கள். காட்டிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

இதில் இரண்டு விதிகள். ஒன்று, அவருடைய அனுமதி இல்லாமல் மெஷினைத் தொடக் கூடாது. இரண்டு, பானெட் நடுவில் போட்டுக் காட்டக் கூடாது. அவர் வேண்டாம் என்று சொன்னால் வண்டி தேமல் விழுந்த மாதிரி நிற்கும். வேறு வழியில்லாமல் அவர் சம்மதிப்பார். அது வியாபாரம் இல்லை, கண்ணி வைப்பது! டிக்கி மூடியின் ஓரம், கதவின் கீழ்ப்பகுதி இவைதான் சரியான இடம்.

6. விலையைப் பிரித்துச் சொல்லுங்கள்

“பாலிஷ் 2,000 ரூபாய்” என்று ஒரே வார்த்தையில் சொன்னால் யாருக்கும் திக்கென்று இருக்கும். சின்ன காராக இருந்தாலும் ஒரு ஆள் முறையாகச் செய்தால் கிட்டத்தட்ட ஒரு நாள் வேலை. எடுத்துக்காட்டாக: 8 மணி நேரக் கூலி, மணிக்கு 100 வீதம் 800, காம்பவுண்ட், பேட், துணி 500, கரண்ட்டும் மெஷின் தேய்மானமும் 200, கடைக்கு 500. ஆக மொத்தம் 2,000. (இது கணக்குப் போடும் முறைக்காக மட்டும். உங்கள் ஊர்க் கணக்கை நீங்கள் போடுங்கள்.) இதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், அவர் கண்ணுக்கு உங்கள் உழைப்பு தெரியும். கூலியைக் குறைத்துக் கேட்க மனசு வராது.

7. எப்போது “வேண்டாம் சார்” என்று சொல்ல வேண்டும்?

இதுதான் முக்கியமான பாடம். தேய்த்து எடுத்த கிளியர் கோட் திரும்ப வளராது. ஆகவே:

* கீறலில் நகம் தட்டினால் அது ஆழமானது. பாலிஷில் முழுதும் போகாது. முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
* பலமுறை பாலிஷ் போட்ட வண்டி என்றால் கனம் அளக்கும் கருவியால் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.
* விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் சீக்கிரம் தேய்ந்து போகும். அங்கே டேப் ஒட்டுங்கள். மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறிப் பெயிண்ட் எரிந்துவிடும்.
* கிளியர் கோட் இல்லாத பழைய வண்டிகளில் நிறமே பேடில் ஒட்டிக்கொண்டு வரும். மிக லேசாகத்தான் தேய்க்க வேண்டும்.
* மாதத் தவணை கட்டவே சிரமப்படும் டாக்ஸிக்காரரிடம் பாலிஷ் பேச்சையே எடுக்காதீர்கள். நல்ல வாஷும் மெழுகும் அவருக்குப் போதும். அவரைப் பொறுத்தவரை “கழுவினா போதும் தம்பி” என்பது நியாயமான வார்த்தை.

நண்பர்களே! நம்மில் பலருக்குத் தொழில் தொடங்கச் சொத்து கிடையாது, சிபாரிசு செய்ய ஆள் கிடையாது. நமக்கு இருக்கிற ஒரே மூலதனம், “அந்தப் பையன் சொன்னா சரியா இருக்கும்” என்ற பெயர்தான். தேவையில்லாத வண்டிக்கு “வேண்டாம்” என்று சொல்கிறவன், தேவையான வண்டிக்குக் கேட்கும் விலையைத் தயக்கமில்லாமல் கேட்கலாம். கேட்கிற காசுக்கு வேலையும் சுத்தமாக இருந்தால், தில்லைநகர் ஆனாலும் திருவானைக்காவல் ஆனாலும் ஆள் தேடி வருவார்கள்.



– மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு