நாப்பதுலதானுங்க வந்தேன்!

கோவை–பொள்ளாச்சி சாலை நான்குவழியாகி, கிணத்துக்கடவில் மேம்பாலமும் எழும்பிய பிறகு ஊருக்குள் ஒரு நிம்மதி பரவியது. தூரத்து வண்டியெல்லாம் மேலே போய்விடும், கீழே நாமும் நம் பிள்ளைகளும் என்ற நிம்மதி. பாலத்துக்கு நான் எதிரியில்லை. ஆனால் பொன்மலை வேலாயுதசாமி கோயில் அடிவாரத்துத் தெருக்களிலும் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்துகளிலும் ஓடுவது தூரத்து வண்டி அல்ல. மார்க்கெட்டில் தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பும் குட்டி யானை, பால்காரரின் எக்ஸெல், சிலிண்டர் ஆட்டோ, டியூஷனில் பிள்ளையை விட்டுவிட்டு வரும் ஸ்கூட்டர், விருந்துக்கு வந்த மச்சானின் கார் ஆகியவைதான் அங்கே ஓடுகின்றன. முட்டுச்சந்துக்குள் வெளியூர்க்காரர் எதற்கு வரப்போகிறார்? வருகிறவர் நமக்குத் தெரிந்தவர். பல நேரம் நாமேதான்.

2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். உலக அளவில் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் சாலை விபத்துதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெருவில் டெங்கு என்றால் அன்றைக்கே கொசு மருந்து அடிக்கச் சொல்லிப் பேரூராட்சிக்குப் போகிற நாம், தெருவில் ஓடும் வண்டியைப் பற்றி மட்டும் சில நம்பிக்கைகளை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம்.

“கொழந்தைதானுங்க குறுக்க ஓடியாந்துச்சு”

விபத்து நடந்த இடத்தில் முதலில் காதில் விழுவது இதுதான். பொய்யும் அல்ல, குழந்தை ஓடித்தான் வந்திருக்கும். பந்து உருண்டால் பின்னாலேயே ஓடுவதுதான் குழந்தை. அப்படி ஓடும் என்று தெரிந்த தெருவில் அந்த வேகத்தில் வந்தது யார் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஆறு வயதுக் குழந்தையின் கண், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. வாசலில் நிற்கும் கார் அதற்கு ஒரு சுவர். குழந்தைக்கு வண்டி தெரியாது, வண்டிக்காரருக்குக் குழந்தை தெரியாது. சரி, மறைப்பே இல்லாத நேர்த்தெரு என்றே வைத்துக்கொள்வோம். நம்மை நோக்கி வரும் பொருள் கண்ணில் பெரிதாகிக்கொண்டே போவதை வைத்துத்தான் மூளை அதன் வேகத்தைக் கணிக்கிறது. இந்தத் திறன் சின்ன வயதில் முழுதாக வளர்ந்திருப்பதில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது, மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் வரும் வண்டியின் வேகத்தை அவர்களால் சரியாகக் கணிக்க முடியவில்லை என்று தெரிந்தது. நெருங்கிவரும் வண்டி நெருங்குவதாகவே படாமல் போகவும் கூடும். வேகம் கூடக்கூட ஆபத்து கூடுகிறது, அந்த ஆபத்தைக் குழந்தை உணர்வதோ குறைகிறது.

அதனால் “பார்த்துப் போ கண்ணு” என்று சொல்லி அனுப்புவது நல்ல பழக்கம்தான், பாதுகாப்பு அல்ல. பார்த்தாலும் குழந்தைக்குப் புரியாது. சட்டமும் பொறுப்பைப் பெரியவர் தலையில்தான் வைக்கிறது. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், நடப்பவர், சைக்கிளில் போகிறவர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் ஓட்டுநர் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே கூறுகின்றன. குறுக்கே வராமல் இருப்பது குழந்தையின் கடமை என்று அதில் எங்கும் இல்லை.

“நாப்பதுலதானுங்க வந்தேன், அதொரு வேகமா?”

பொள்ளாச்சி ரோட்டில் நாற்பது என்றால் பின்னால் வருகிறவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார். அந்தப் பழக்கத்தோடு தெருவுக்குள் திரும்புகிறோம், நாற்பது ஊர்வது போலத் தோன்றுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழந்தையைக் கண்டதும் கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆகிறது என்று கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு வினாடியில் வண்டி 8 மீட்டருக்கு மேல் போய்விடும். பிறகு நல்ல பிரேக், காய்ந்த ரோடு என்றால் இன்னும் 5 மீட்டரில் நிற்கும். மொத்தம் 13 மீட்டர் சொச்சம். அதே இடத்தில் 50இல் வந்தவர்? அந்த ஒரு வினாடியிலேயே அவர் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்திருப்பார். முப்பதில் வந்தவர் வண்டியை நிறுத்திவிட்ட இடத்தைத் தாண்டும்போதும் ஐம்பதில் வந்தவர் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார். குழந்தை அங்கே நின்றால் முழு ஐம்பதில்தான் மோதுவார். நாற்பதில் வந்தவருக்கு நிற்க ஏறக்குறைய 20 மீட்டர் வேண்டும். நம் தெருவில் அது நாலைந்து வீட்டு வாசல்.

மோதலின் பலம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், முப்பதைவிட ஐம்பதில் அது இரண்டே முக்கால் மடங்கு. எண் மனதில் நிற்காதவர்கள் தோப்பைப் பார்க்கலாம். 30இல் மோதுவது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், 50இல் மோதுவது பத்து மீட்டர்த் தென்னையின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம். மரத்திலிருந்து விழுந்தவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

“அவசரமா இருந்துச்சு”

அரை கிலோமீட்டர் தெருவை 50இல் கடக்க 36 வினாடி, 30இல் கடக்க 60 வினாடி. மிச்சம் 24 வினாடி. அதையும் மெயின் ரோட்டுக்குள் நுழைய இடம் பார்த்து நிற்கும்போது செலவழித்துவிடுவோம்.

“ஹாரன் அடிச்சுட்டுத்தான் திரும்புனேன்”

ஹாரன் ஓர் எச்சரிக்கை மட்டுமே, வழியுரிமைச் சீட்டு அல்ல. பெரியவர்கள் சத்தம் கேட்டால் ஓரம் ஒதுங்குவார்கள். குழந்தை ஒன்று அப்படியே நின்றுவிடும், இல்லை அம்மா இருக்கும் பக்கம் ஓடும். அம்மா எந்தப் பக்கம் இருக்கிறாள் என்பது வண்டிக்காரருக்குத் தெரியாது. முனையில் ஹாரனும் அடிக்கலாம், ஆனால் கால் பிரேக்கில் இருக்கட்டும்.

“பையன் சூப்பரா ஓட்டுவான், ஊருக்குள்ள எதுக்குங்க லைசென்ஸ்?”

இதைச் சொல்லும்போது அப்பாக்களின் முகத்தில் ஒரு பெருமை வரும். பத்தாவது படிக்கும் பையன் தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்ப வண்டியில் போய்வருவது, பெண் தம்பியைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவது எல்லாம் இங்கே பொறுப்பின் அடையாளமாகவே பார்க்கப்படுகிறது. பொறுப்பான பிள்ளைகள்தான், மறுக்கவில்லை. வண்டி வேறு விஷயம்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1980இல் வந்த டிவிஎஸ் 50 ஐம்பது சிசிக்குள் அடங்கிய வண்டி. கியர் இல்லாத, 50 சிசிக்கு மிகாத வண்டியைப் பெற்றோர் சம்மதத்தோடு 16 வயதில் உரிமம் எடுத்து ஓட்டலாம் என்று சட்டத்தில் இன்றைக்கும் இருக்கிறது. “பதினாறு ஆனாப் போதும்” என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. நடுவில் இருந்த ‘உரிமம்’ என்ற சொல் எங்கேயோ விழுந்துவிட்டது. இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் எக்ஸெல் 100, பெயரே சொல்வது போல நூறு சிசி வண்டி. ஸ்கூட்டர்கள் அதற்கும் மேல். இவற்றுக்கெல்லாம் 18 வயது ஆகியிருக்க வேண்டும், உரிமமும் வேண்டும். ஊருக்குள், தோட்டத்து வழி, முட்டுச்சந்து என்று சட்டத்தில் விலக்கு கிடையாது. பொதுமக்கள் நடமாட உரிமையுள்ள எந்த வழியும் சட்டப்படி பொது இடம்தான்.

2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு வந்தபின் இது பிள்ளையோடு முடிகிற வழக்கும் அல்ல. சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. “எனக்குத் தெரியாமச் சாவியை எடுத்துட்டுப் போயிட்டான்” என்றால், அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். சம்மதத்தோடுதான் கொடுத்தீர்கள் என்று எடுத்துக்கொண்டே நீதிமன்றம் தொடங்கும். இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்தாலும், உரிமம் இல்லாதவர் ஓட்டியதால் அந்தத் தொகையை உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க வழியுண்டு. தோப்பு கைமாறக்கூடிய அளவுத் தொகை அது. அக்கா மகன் கேட்டான் என்று சாவியைக் கொடுக்கும் மாமன்மார்கள் ‘உரிமையாளர்’ என்ற சொல்லை இன்னொரு தடவை படிக்கவும்.

“சின்னக் கொழந்தை, முன்னால நின்னுக்கட்டும்”

ஸ்கூட்டரின் முன்பலகையில் நிற்கும் குழந்தைக்குப் பிடிமானம் ஹேண்டில்பார்தான். திடீர் பிரேக்கில் முகம் போய் மோதுவதும் அதே ஹேண்டில்பாரில்தான். நான்கு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் தலைக்கவசம் கட்டாயம். ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயதுவரை உள்ள குழந்தைக்கு, ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் அளவான தலைக்கவசமும் வேண்டும், வண்டி 40ஐத் தாண்டக் கூடாது. 2022இல் அறிவித்து, 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மத்திய விதி இது. நம் தெருக்களில் அந்தப் பட்டையை இன்னும் அதிகம் பார்க்க முடியவில்லை.

“வேகத்தடை போட்டாச் சரியாப் போயிரும்”

கொஞ்சம் சரி. எப்படிப்பட்ட வேகத்தடை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்திய சாலை காங்கிரசின் பழைய அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். வண்டி 25 கிலோமீட்டரில் குலுக்காமல் ஏறி இறங்க வேண்டும், அதைவிட வேகமாக வந்தால் உறைக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. வெள்ளைப் பட்டையும் முன்னறிவிப்புப் பலகையும் சேர்ந்தால்தான் அது வேகத்தடை. நாம் போடுவது என்ன? மிஞ்சிய கான்கிரீட்டில் ஒரு கரை, இல்லையேல் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு வடக்கயிறு. கர்ப்பிணியும் முதுகுவலிக்காரரும் அவதிப்படுகிறார்கள். இளவட்டம் என்ன செய்கிறது என்று ஒரு மாலை நின்று பாருங்கள். சாக்கடையை ஒட்டி விட்டிருக்கும் இடைவெளியில் புகுந்து போகிறார்கள். வண்டி தெருவின் நடுவிலிருந்து வாசற்படிக்கு நகர்கிறது, குழந்தைகள் நிற்பதும் அங்கேதான்.

இதோடு சேர்த்து ஒன்று. குண்டும் குழியுமாக இருந்த தெருவுக்குப் பேவர் பிளாக்கோ சிமெண்டோ போட்ட அடுத்த நாளிலிருந்து அங்கே வேகம் ஏறும். ரோடு கேட்டு வாங்குகிற நாம், அந்த வேகத்துக்கான ஏற்பாட்டையும் சேர்த்துக் கேட்பதில்லை.

“நம்ம வாசல்ல என்ன ஆகப்போவுது?”

எழுதக் கஷ்டமான பகுதி இது. 2022 மார்ச்சில் சென்னை ஆழ்வார்திருநகரில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே பின்னோக்கி வந்த பள்ளி வேன் மோதி இரண்டாம் வகுப்பு மாணவன் இறந்தான். வேகம் அங்கே பிரச்சினையே இல்லை. ஓட்டுநரின் இருக்கையிலிருந்து தெரியாத இடம்தான் பிரச்சினை. அதற்குப் பிறகுதான் தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கு முன்னும் பின்னும் கேமராவையும், பின்பக்கம் எச்சரிக்கும் சென்சாரையும் கட்டாயமாக்கியது. நம் வீட்டுக் காருக்கும் குட்டி யானைக்கும் டிராக்டருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை, மறைவிடம் மட்டும் அதேபோல் இருக்கிறது. உயரமான காரின் பின்னால் ஒட்டி நிற்கும் இரண்டு வயதுக் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. அப்பா கிளம்புகிறார் என்றால் டாட்டா காட்ட ஓடிவருவதும் அந்தக் குழந்தைதான்.

ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று சுற்றிவாருங்கள். குழந்தை யார் கையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வீட்டுக்கு வரும்போதே பின்பக்கமாக விட்டு நிறுத்திவிட்டால், காலையில் நேராக எடுத்துக்கொண்டு போகலாம். ஆட்டுக்குட்டி அடிபடக் கூடாது என்று டிராக்டரின் அடியில் குனிந்து பார்க்கும் ஆட்கள் நாம், இது புதுப் பழக்கமே இல்லை.

“முப்பதெல்லாம் வெளிநாட்டுக்குத்தான் ஒத்து வருமுங்க”

2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு, நடப்பவரும் வண்டியும் கலந்து புழங்கும் இடங்களுக்கு 30 கிலோமீட்டர் வரம்பை வலியுறுத்தியது. குடியிருப்புத் தெருக்களில் அந்த வரம்பை வைத்திருந்த ஹெல்சிங்கி நகரில் 2019ஆம் ஆண்டு முழுக்க, நடந்து போன ஒருவர்கூடச் சாலையில் சாகவில்லை. வேல்ஸ் நாடு 2023 செப்டம்பரில் குடியிருப்புச் சாலைகளுக்கு மணிக்கு 20 மைல் என்று குறைத்தபோது, அங்கேயும் ‘இதெல்லாம் ஒத்து வராது’ என்று நாலரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். முதல் ஆண்டில் அந்த வகைச் சாலைகளில் அடிபட்டவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் குறைந்தார்கள்.

வெளிநாடு வேண்டாம் என்றால் சென்னை இருக்கிறது. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை வேக வரம்புகளை மாற்றி அமைத்தபோது, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30 என்று வைத்தது. மத்திய அரசின் 2018 அறிவிக்கையில் நகர எல்லைக்குள் காருக்கு 70, இருசக்கர வண்டிக்கு 60 என்றிருப்பது உச்ச வரம்புதான். இடத்தைப் பார்த்து அதைக் குறைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

அதை ஆட்சியரிடம் கேட்கலாம், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கோவைக்குப் போய் மனுக் கொடுக்கிறவர்கள், மனுவில் ‘எங்கள் தெருவுக்கு வேகத்தடை வேண்டும்’ என்று மட்டும் எழுதிவிட்டு வருகிறார்கள். தெருவின் பெயர், அதிலுள்ள பள்ளி அல்லது அங்கன்வாடி, பிள்ளைகள் கடக்கும் முனை, 30 என்ற பலகை, உரிய அளவில் வேகத்தடை, முனையில் வண்டி நிறுத்தத் தடை என்று ஒவ்வொன்றாகத் தனித்தனியே எழுத வேண்டும். மனுக் கொடுக்கப் போகிறவர்கள் தெருவை விட்டு வெளியே வரும்வரை அதே முப்பதில் போகவும்.