மொஸார்ட் குடும்பத்தை வரைந்து பழகு

அன்புள்ள தம்பிக்கு,

மரமும் மலையும் நீர்வண்ணத்தில் கைவந்துவிட்டன, மனித உருவம் மட்டும் வசப்படவில்லை என்று எழுதியிருந்தாய். நல்ல பழைய குடும்பப் படம் ஒன்றைப் பார்த்து வரைந்து பழகு. பிரெஞ்சு ஓவியர் கார்மொந்தெல் 1763-இல் பாரிஸில் வரைந்த மொஸார்ட் குடும்பப் படம் இதற்கு மிகப் பொருத்தமானது. அதுவே நீர்வண்ணம்தான் என்பதால், அவர் வண்ணம் இட்ட முறையை நீயும் பின்பற்றலாம்.

ஏழு வயது வொல்ஃப்காங் ஹார்ப்சிகார்ட் வாசிக்கிறான். அவனுக்குப் பின்னால் தந்தை லியோபோல்ட் வயலினுடன் நிற்கிறார். 12 வயது அக்காள் நானர்ல் இசைத்தாளை ஏந்திப் பாடுகிறாள். முதல் நாள் தூரிகையைத் தொடாமல் படத்தை மட்டும் பார். சிறுவனின் கால்கள் தரையைத் தொடவில்லை, கவனித்தாயா? அந்த இடைவெளியை விட்டுவிட்டால் அவன் குள்ளமான பெரியவனாகிவிடுவான். வளர்ந்தவரின் உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை அளவு. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆறு தலை அளவுதான். குடும்பப் படத்தில் வயதைச் சொல்வது முகத்தைவிட இந்த அளவுகள்தான்.

அச்செடுத்த படத்தில் 2 செ.மீ. கட்டங்களும் உன் தாளில் 3 செ.மீ. கட்டங்களும் மெல்லியதாகப் போட்டுக்கொள். மூவரையும் தனித்தனியாக வரையாதே. மூன்று தலைகள், வாத்தியம், நாற்காலி எல்லாவற்றையும் ஒரே உருவமாக எண்ணி வெளிக்கோட்டைப் பிடி. தந்தைக்கும் மகனுக்கும் நடுவே உள்ள காலியிடத்துக்கும் ஒரு வடிவம் உண்டு. அது சரியாக வந்தால் இருவரும் தாமாகவே சரியான இடத்தில் வந்து நிற்பார்கள். அதிகம் அழிக்காதே, ரப்பர் உராய்ந்த இடத்தில் தாளின் பசை போய் வண்ணம் திட்டுத் திட்டாக இறங்கும். 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் கிடைத்தால் நல்லது.

தோலுக்கு யெல்லோ ஓக்கருடன் சிறிது லைட் ரெட் சேர்த்து, நிறையத் தண்ணீர் விட்டு, முகம் முழுவதற்கும் ஒரே வாஷ் கொடு. நன்றாகக் காயட்டும். பிறகு அதே கலவையில் ஒரு துளி அல்ட்ராமரீன் சேர்த்துத் தாடைக்கு அடியிலும் மூக்கின் பக்கத்திலும் கண்குழியிலும் மட்டும் வை. ஈரத்தின்மேல் திரும்பத் திரும்பத் தடவினால் முகம் சேறாகிவிடும். விரல்களை ஒவ்வொன்றாக எண்ணி வரையாமல், கையை முதலில் ஒரே நிறத்திட்டாகப் போட்டு, காய்ந்தபின் இரண்டொரு நிழலில் விரல்களைப் பிரி. ஆடையின் லேஸுக்கும் இசைத்தாளுக்கும் வெள்ளை வண்ணம் தேடாதே. தாளின் வெண்மையை அப்படியே விட்டுவிடு. எந்த இடத்தைத் தொடாமல் விடவேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் நீர்வண்ணத்தின் பாதி வேலை.

பார்த்து வரைவது இழுக்கு என்று யாராவது சொன்னால் தயங்காதே. கார்மொந்தெலே இந்தப் படத்தை மீண்டும் வரைந்திருக்கிறார். 1764-இல் தெலாஃபோஸ் இதைச் செதுக்கி அச்சாக்கினார். இப்போது இந்தப் படத்தைப் பிரான்ஸில் ஷான்டியி நகரின் கோந்தே அருங்காட்சியகத்தில் காணலாம். ஆனால் உன் பிரதியின் பின்புறம் ‘கார்மொந்தெல் ஓவியத்தைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதிவை. பிறர் உழைப்பை மறைக்காமல் இருப்பதும் இந்தக் கலையின் ஒழுக்கம்.

பிரதி முடிந்ததும் அங்கேயே நின்றுவிடாதே. அடுத்த வாரமே உன் வீட்டாரை உட்காரவைத்து நேரில் வரை. கற்றது கையில் தங்கியிருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

அன்புடன்,
உன் அண்ணன்