குடும்பப் படமும் கூட்டுறவுத் தறியும்

திருமணம், அறுபதாம் ஆண்டு நிறைவு, புதுமனை புகுதல் முதலிய நன்னாள்களில் குடும்பத்தார் யாவரும் ஒருங்கே நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். அண்மைக் காலத்தில், பாட்டி முதல் பேரக் குழந்தை வரை ஒன்றுக்கொன்று இயைந்த ஆடைகளை அணிந்து படத்தில் நிற்க வேண்டும் என்னும் விருப்பமும் மக்களிடையே வளர்ந்துள்ளது. இவ்விருப்பத்துடன் நம் விற்பனை நிலையத்திற்கு வருவோர் பத்துப் பன்னிரண்டு பேருக்குத் துணி கேட்கின்றனர். அவர்களுக்கு விடை கூற அறியாது நாம் கைவிரிப்போமாயின், பன்னிரண்டு துணிகளின் விற்பனையும் விசைத்தறிக் கடைக்குப் போய்விடும். ஆகவே இதன் நுணுக்கங்களை நெசவாளர், விவசாயி ஆகிய இருசாரார்க்கும் விளங்கும் வண்ணம் ஈண்டுக் கூற முற்படுகிறோம்.

முதலாவது, இயைபு வேறு, சீருடை வேறு. எல்லோரும் ஒரே துணியை அணிந்து நின்றால் படம் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாப் படம்போல் தோன்றும். முகங்கள் தனித்து விளங்கா. அடிநிறம் ஒன்று, அதற்குத் துணைநிறம் ஒன்று, இடையிடையே சிறிதளவு மூன்றாம் நிறம் என்று அமைத்தலே நன்று. வீட்டில் மூத்தவர் தமக்குப் பழகிய புடவையை விட்டு வேறொன்றை உடுத்த இசையார். அவருடைய புடவையை முதலில் கேட்டறிந்து, அதிலிருந்தே மற்றவர்க்கு நிறம் தேர்தல் வேண்டும். சங்கத்தின் விற்பனையாளர் இந்த ஒரு வினாவைக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது எனலாம்.

இத்தகைய இயைபை உண்டாக்குவதில் கைத்தறிக்கு இயல்பாகவே ஒரு வலிமை உண்டு. ஒரே பாவில் புடவைகள் பல நெய்கிறோம். ஊடையை மட்டும் புடவைக்குப் புடவை மாற்றுவது நமக்கு அரிதன்று. அரக்கு நிறப் பாவு ஒன்றைத் தறியில் ஏற்றியதாகக் கொள்வோம். முதற் புடவைக்கு அரக்கு ஊடை, இரண்டாவதற்குக் கடுகு மஞ்சள், மூன்றாவதற்குக் கருநீலம் ஓட்டினால், முதலது ஆழ்ந்த அரக்காகவும், அடுத்தது செம்பு நிறம் பாய்ந்ததாகவும், மற்றது கத்தரிப்பூச் சாயலுடையதாகவும் அமையும். மூன்றிலும் பாவு ஒன்றேயாதலால், மூன்றும் உடன்பிறந்தவைபோல் தோன்றும். ஊடை கரையினூடும் செல்வதால் கரையின் நிறமும் சற்று மாறும். காஞ்சிபுரத்துக் கோர்வை முறையில் கரைக்குத் தனி நாடா ஓடுவதால் அம்மாற்றம் நேராது. மிகுதியாக ஓட்டினாலன்றிக் கட்டுப்படியாகாத ஆலைக்கு மூன்று புடவைக்கென்று நிறம் மாற்றும் வேலை ஒவ்வாது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பாவும் ஊடையும் மிகவும் மாறுபட்ட நிறங்களாயின், மயில் கழுத்துப் புடவையிற்போல், பார்க்கும் கோணத்திற்கேற்ப நிறம் மாறும். குழுவாக நிற்போர் ஒவ்வொருவரும் வெவ்வேறு பக்கமாகத் திரும்பி நிற்பர். ஒரே வகைப் புடவை நால்வர்மீது நான்கு நிறமாகப் பதியக்கூடும். அத்தகைய துணியை ஒருவர் இருவர்க்கு மட்டும் கொடுப்பதே தக்கது.

இனி, நம் சங்கங்களின் பெயரைக் கெடுக்கவல்ல குறையொன்றைச் சொல்ல வேண்டும். ஒரே அளவில் சாயம் கலந்தாலும், ஒரு தொட்டியில் தோய்ந்த நூலும் மறுநாள் வேறு தொட்டியில் தோய்ந்த நூலும் முற்றும் ஒத்திரா. தனித்தனியே உடுத்தும்போது அது தெரியாது. இருவர் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் படத்தில் அவ்வேறுபாடு என்றைக்கும் அழியாமல் நின்றுவிடும். ஆதலின் ஒரு குடும்பத்தின் தேவை முழுவதையும் முதலிலேயே கணக்கிட்டு ஒருமிக்கச் சாயமேற்றுதல் வேண்டும். 5 புடவைக்கு, ஒன்றுக்கு அரைக் கிலோ வீதம், 2½ கிலோ. 4 அரைக்கைச் சட்டைக்கு, 36 அங்குல அகலத்தில் ஒன்றுக்கு இரண்டேகால் மீட்டர் வீதம் 9 மீட்டர், அதற்கு ஏறத்தாழ 1 கிலோ. குழந்தைகளுக்கு அரைக் கிலோ. சேதத்திற்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், பத்து ராத்தல் கட்டு ஒன்று, அதாவது சுமார் 4½ கிலோ நூல், போதுமானது. நூலின் நம்பர் மாறினால் சாயம் தோன்றும் அழுத்தமும் மாறும் என்பதையும் மறத்தலாகாது. நிறம் ஒத்திருக்கிறதா என்பதைக் குழல்விளக்கின் கீழ் மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. அங்கே ஒத்துத் தோன்றும் இரு சாயங்கள் வெயிலில் பிரிந்து தோன்றுதல் உண்டு.

பருத்தி விளைவிக்கும் அன்பர்கள் இது தமக்குத் தொடர்பற்றதென்று எண்ண வேண்டா. முதிராத பஞ்சு சாயத்தைச் சரிவர ஏற்காது. நன்கு வெடித்த காயின் பஞ்சுடன் அரைகுறையாக வெடித்ததையும் கலந்து மூட்டை கட்டினால், கருநீலத் துணியில் வெளிறிய புள்ளிகளாக அது தலைகாட்டும்.

படக்கருவியின் இயல்பையும் சிறிது அறிதல் நலம். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய படங்கள் சிலவற்றில் மணப்பெண்ணின் செம்பட்டு கறுப்பாகத் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். அந்நாளைய தகடுகள் சிவப்பை உணரமாட்டா. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் இங்கிலாந்தில் 1906ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்தபோதிலும், பழையவை பின்னும் பல ஆண்டுகள் வழங்கின. இன்றைய டிஜிட்டல் கருவிகளுக்கு அக்குறை இல்லை. வேறு குறைகள் உண்டு. மிக நெருங்கிய சிறு கட்டங்களும் மெல்லிய கோடுகளும் அவற்றில் அலையலையாக நெளிந்து பதிதல் கூடும். ஆதலின் படத்திற்கென்று கேட்போர்க்கு அகன்ற கட்டத்தையே காட்டுக. தூய வெள்ளை மிகுந்தால், தானாக ஒளியை அளக்கும் கருவி படம் முழுவதையும் மங்கச் செய்ய, முகங்கள் இருண்டுவிடும். கறுத்த மேனியர்க்கு இன்ன நிறம் பொருந்தாது என்று கடையில் சொல்லும் பழங்கதைக்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். குறை மேனியில் இல்லை, ஒளி அளவில் இருக்கிறது. சாயமிடாத பருத்தியின் இயற்கை வெண்மையும் சந்தன நிறமும் அவ்வளவு தொல்லை தருவதில்லை. அகன்ற ஜரிகைக் கரை, கருவியின் மின்னொளி நேரே பட்டால், வெறும் வெண்பட்டையாகிவிடும்.

பின்வரிசையில் நிற்போரின் தோளும் மார்பும் மட்டுமே படத்தில் தெரியும். அவர்கள் கரைக்கும் கொசுவத்திற்கும் பொருள் செலவிடுவது வீண். ரவிக்கையும் தோளில் விழும் முந்தானையுமே அவர்க்கு முக்கியம். நாற்காலியில் அமரும் முதியோர்க்கே நல்ல கரை வேண்டும். வயல் அல்லது தோப்பின் நடுவே படம் எடுப்போர்க்குப் பச்சையைத் தவிர்க்கச் சொல்லுக.

துணி முடிந்தபின் நான்கு அங்குலத் துண்டொன்றைப் பதிவேட்டில் ஒட்டி, சாயத்தின் பெயர், அளவு, தோய்த்த நேரம், நூலின் நம்பர், தேதி ஆகியவற்றை அதனருகே எழுதி, வெளிச்சம் படாத பெட்டியில் வைத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு அதே குடும்பத்தில் மருமகள் ஒருவர் வரும்போது, பழைய புடவைகளோடு சேரும்படி மேலும் ஒன்று கேட்பார்கள்.