புரோக்கர் இல்லாமல் வீடு வாங்கப் போகிறீர்களா? விலை பேசும் முன் கம்ப்யூட்டரில் இரண்டு மாலை வேலை

திருவண்ணாமலை வேங்கிக்காலில், கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் சில வீட்டுக் கேட்டுகளில் இப்படி ஓர் அட்டை தொங்குவதைப் பார்க்கலாம்: "வீடு விற்பனைக்கு. புரோக்கர்கள் வேண்டாம்."

அப்படி ஓர் அட்டையைப் பார்த்துத்தான் என் அப்பா உள்ளே போனார். ஓய்வு பெற்ற ஆசிரியர். பணிக்காலப் பணம் முழுவதும் அந்த வீட்டுக்காகத்தான் காத்திருந்தது. உரிமையாளர் 44 லட்சம் கேட்டார். "நல்ல மனுஷன்பா, நாளைக்கே ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்துடலாம்" என்று எனக்கு போன் செய்தார். நான் இரண்டு நாள் மட்டும் பொறுக்கச் சொன்னேன்.

புரோக்கர் இல்லையென்றால் கமிஷன் மிச்சம். ஆனால் விசாரிக்கும் வேலை நம் தலையில் விழும். அதில் பெரும்பகுதியை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

1. வில்லங்கம் பாருங்கள்

உரிமையாளரிடம் பத்திரத்தின் ஜெராக்ஸ் கேளுங்கள். அதில் சர்வே எண், உட்பிரிவு எண், கிராமம், சார்பதிவாளர் அலுவலகம் ஆகியவை இருக்கும். தமிழகப் பதிவுத்துறையின் இணையதளத்தில் (டி.என். ரெஜிநெட்) மின்னணு சேவைகள் பகுதியில் வில்லங்கச் சான்று என்பதைத் தேர்ந்தெடுத்து இந்த விவரங்களைத் தாருங்கள். குறைந்தது 30 ஆண்டுகளுக்குத் தேடுங்கள். வரும் பைலை சேவ் செய்து, ஒவ்வொரு வரியையும் படியுங்கள். ஒவ்வொரு அடமானப் பதிவுக்கும், கடன் தீர்ந்த ரசீதுப் பதிவு ஒன்று பின்னால் இருக்க வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்த பட்டியலில் 2014-ல் ஓர் அடமானம் இருந்தது. ரசீது இல்லை.

2. நிலத்தைப் பாருங்கள்

தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் எடுத்துக் கொள்ளுங்கள். பட்டாவில் உள்ள பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா? வேங்கிக்காலில் ஏரி இருப்பதால், மனை ஏரி அல்லது வாய்க்கால் புறம்போக்கைத் தொடுகிறதா என்பதையும் வரைபடத்தில் கவனியுங்கள்.

வேங்கிக்கால் ஊராட்சியாக இருந்து, 2024-ல் உருவான திருவண்ணாமலை மாநகராட்சியில் சேர்ந்த பகுதி. எனவே பழைய வரி ரசீதும் கட்டட அனுமதியும் ஊராட்சி பெயரில் இருக்கலாம். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா, இல்லையென்றால் வரன்முறை செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள்.

பூர்வீகச் சொத்து என்றால் வாரிசுச் சான்று அவசியம். 2005 சட்டத் திருத்தத்துக்குப் பின் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு. கல்யாணமாகி வெளியூர் போன அக்காவின் கையெழுத்தும் வேண்டும்.

3. எக்செல்லில் உங்கள் உச்ச விலை

பதிவுத்துறை தளத்திலேயே தெருவாரியாக வழிகாட்டி மதிப்பு கிடைக்கும். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதம். இதற்கு வங்கிக் கடன் பொதுவாகக் கிடைக்காது. கையில் இருந்துதான் கட்ட வேண்டும்.

ஒரு புதிய ஷீட்டைத் திறந்து கீழ்க்கண்டபடி டைப் செய்யுங்கள்.

பி1: மொத்தப் பணம் (கடனையும் சேர்த்து) – 45,00,000
பி2: ரிப்பேர் செலவு – 1,50,000
பி3: வக்கீல், பத்திரம் எழுத, இதர செலவு – 50,000
பி4: பி1-லிருந்து பி2, பி3 இரண்டையும் கழிக்கும் பார்முலா – 43,00,000
பி5: பி4-ஐ 1.09-ஆல் வகுக்கும் பார்முலா – 39,44,954

பி5-ல் வருவதுதான் நீங்கள் தரக்கூடிய உச்ச விலை. பலர் 43 லட்சத்தில் 9 சதவீதத்தைக் கழித்து 39,13,000 என்று போடுவார்கள். அது தவறு. 9 சதவீதம் கணக்கிடப்படுவது வீட்டு விலைக்கு, உங்களிடம் உள்ள பணத்துக்கு அல்ல.

நிலம், கட்டடம் இரண்டும் சேர்ந்த அரசு மதிப்பு நீங்கள் பேசும் விலையை விட அதிகமாக இருந்தால், அந்த மதிப்புக்குத்தான் தீர்வை கட்ட வேண்டும். அப்போது அரசு மதிப்பில் 9 சதவீதத்தை பி4-லிருந்து நேரடியாகக் கழித்துவிடுங்கள்.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

4. விலையைக் கடிதமாகக் கொடுங்கள்

வாய் வார்த்தை பின்னால் தகராறாகும். வேர்டில் ஒரு பக்கக் கடிதம் போதும். அதில் இருக்க வேண்டியவை:

• வீட்டின் கதவு எண், சர்வே எண்
• நீங்கள் தரும் விலை, அட்வான்ஸ் தொகை, கிரயம் முடிக்கும் கெடு
• நிபந்தனைகள்: அசல் பத்திரம் காட்டுதல், அடமானம் நீக்குதல், வாரிசுகள் அனைவரும் கையெழுத்திடுதல், வங்கிக் கடன் கிடைத்தல்
• நிபந்தனை நிறைவேறாவிட்டால் அட்வான்ஸ் திரும்பத் தரப்படும் என்ற வரி
• "இந்த விலை 10 நாட்களுக்கு மட்டும்" என்ற வரி

அவர் சம்மதித்த பின் போடும் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இது கட்டாயம். அட்வான்ஸை வங்கி மூலமே தாருங்கள். வீட்டுக்காக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது.

எங்கள் கதை

கடிதத்தில் 38 லட்சம் என்று எழுதினோம். வீட்டைக் குறை சொல்லவில்லை. மாடி ஒழுகல், பழைய ஒயரிங் ஆகியவற்றுக்கான செலவுப் பட்டியலை மட்டும் கூடவே வைத்தோம். அடமானத்தைப் பற்றிக் கேட்கத்தான் அப்பாவுக்குத் தயக்கம். "தப்பா நினைச்சுக்குவாரேப்பா" என்றார். நான் பிரிண்ட் எடுத்ததைக் காட்டி, "ஐயா, இதுக்கு ரசீது பதிவாகலை போல இருக்கே" என்றேன்.

அவர் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். "கடன் அடைச்சு வருஷம் பல ஆச்சு தம்பி. ரசீதைப் பதியணும்னு யாரும் சொல்லலை. நீங்க கேட்கலைன்னா நாளைக்கு என் பொண்ணு தலையில விழுந்திருக்கும்" என்றார். மூன்று வாரத்தில் ரசீதைப் பதிவு செய்து வந்தார். 39 லட்சத்து 25 ஆயிரத்துக்கு முடிந்தது. பி5-க்கு உள்ளேதான்.

ஓர் எச்சரிக்கை. பத்திரத்தை வைத்து வாங்கிய கைமாற்றுக் கடன், பதிவாகாத உயில் போன்றவை கம்ப்யூட்டரில் தெரியாது. அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். எடுத்த பிரிண்ட்கள் அனைத்தையும் ஒரு பைலில் போட்டு வக்கீலிடம் காட்டி, அவர் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.