திரையும் வினாவும்

கேரளத்தில் பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதியிலும், இடுக்கியின் மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த 2020 ஜூன் 1 அன்று, விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சி ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. 2005-இல் அப்துல் கலாம் தொடங்கி வைத்த அலைவரிசை அது. பின்னர்த் தமிழ்வழி மாணவர்களுக்கெனத் தமிழிலும் பாடங்கள் தயாராயின. தாய்மொழியில் ஆசிரியர் வீட்டிற்கே வந்தது சிறிய பேறன்று.

ஆயினும் திரை, புரியாத இடத்தில் நின்று காத்திருப்பதில்லை. உயர்ந்த கையை அது காண்பதுமில்லை. வினா எழும்போதுதான் மாணவன் உள்ளத்தில் ஆர்வம் பிறக்கிறது. விடை கிட்டாத வினா சில நாட்களில் அடங்கிவிடும். அதனுடன் ஆர்வமும் அடங்கும். கைப்பேசி வழியே ஐயம் தீர்க்க ஆசிரியர்கள் முன்வந்தனர். மலைச்சரிவுகளில் அதற்கும் அலை கிடைக்க வேண்டுமே! மேடு தேடி நடந்த பிள்ளைகள் உண்டு.

2021 நவம்பர் 1-இல் பள்ளிகள் திறந்தன. பாடத்திற்காக வாங்கிய கைப்பேசியோ வீட்டிலேயே தங்கிவிட்டது. அதைப் பறித்து வைப்பதைவிட, பிள்ளையின் அருகில் அமர்ந்து, “இன்று என்ன புரியவில்லை?” என்று கேட்பது பயன் தரும். கொழுந்து பறித்து வீடு திரும்பும் தாய்க்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை அவளுக்கு விளக்க முயலும்போதே, தனக்கு எது விளங்கவில்லை என்பதைக் கண்டுகொள்கிறது.