மழைக்குத் தாங்கும் அழகு: புதுக் குடித்தனக்காரர்களுக்குப் பத்து அறிவுரைகள்



கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறையிலும் தடிக்காரன்கோணத்திலும் புதிதாகக் குடித்தனம் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சுவரெல்லாம் வெறுமனே கிடக்கு. கையில இருக்கிற காசுக்கு என்ன வாங்கி மாட்டலாம்?" படங்களுக்குப் பிரேம் போட்டே வயதான ஆள் நான். நம் மலையடிவாரத்தில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. சுவரில் ஈரம் எப்போதும் உண்டு. அந்த ஈரத்துக்குத் தாங்குவதையும், நமக்குப் பக்கத்தில் உள்ளவர்கள் கையால் செய்வதையும் தேர்ந்தெடுத்தால் சிறு செலவிலேயே வீடு துலங்கும். அதற்கு எனக்குத் தெரிந்த வழிகள் இவை.

1. முதல் செலவு வெளிச்சத்துக்கு.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒருநாள் குடும்பத்தோடு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் வாருங்கள். திங்கள்கிழமை விடுமுறை. முகப்பு மண்டபமான பூமுகத்தின் மரக்கூரையில் செதுக்கிய 90 பூக்களையும் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கட்டும். அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் சன்னல்களில் பதித்த வண்ண மைக்காத் தகடுகள் வழியே வெயில் எப்படித் தணிந்து இறங்குகிறது என்று நீங்கள் பாருங்கள். அந்த அறைகளில் சாமான் குறைவு. மரமும், கருத்துப் பளபளக்கும் தரையும், அளவாக விட்ட வெளிச்சமும் சேர்ந்துதான் அந்த அழகு.

நம் வீடுகள் ரப்பர் மர நிழலில் இருப்பதால் பகலிலும் உள்ளே மங்கல்தான். சன்னல் கண்ணாடியைக் கழுவுங்கள். அதன் முன்னால் நிற்கும் அலமாரியை நகர்த்துங்கள். ஓட்டு வீடென்றால் ஓர் ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போடுங்கள். கதவுக்கு மேலுள்ள வெண்டிலேட்டரில் ஒரே ஒரு சதுரத்துக்கு வண்ணக் கண்ணாடி போட்டால், காலை வெயிலில் தரையிலேயே ஒரு சித்திரம் விழும்.

2. சுவரின் ஈரம் வெளியேற வழிவிடுங்கள்.

ஒழுகலை அடைக்காமல் எந்தப் பெயின்ட் அடித்தாலும் வீண். ஈரச் சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் நீர் உள்ளே அடைபட்டு, கொப்பளித்து, உரிந்து விழும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், விலையும் குறைவு. வெள்ளையில் கொஞ்சம் நீலம் கலந்து அடியுங்கள். ஒரு சுவருக்கு மட்டும் காவி கொடுத்தால் அறைக்கே ஒரு முகம் வந்துவிடும்.

3. காலண்டர் படத்தை மட்டமாக நினைக்காதீர்கள்.

நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், அந்தச் சீமையில் பிறந்த ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கினார். அரண்மனைச் சுவரில் இருந்த அவருடைய ஓவியங்கள் எளியவர் வீட்டுக்கும் வந்தது அதற்குப் பிறகுதான். நம் பக்கத்தில் அந்தப் பணியைச் செய்தவர் கோவில்பட்டி சி. கொண்டைய ராஜு (1898–1976). அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டராகத் தமிழ்நாடெங்கும் போய்ச் சேர்ந்தன. உங்கள் பாட்டி கும்பிட்ட படம் அவர் கை பட்டதாகவே இருக்கலாம். பழைய காலண்டர்களைக் குப்பைக்கு அனுப்புமுன் நின்று பாருங்கள். நல்ல படத்தை வெட்டியெடுத்துப் பிரேம் போடுங்கள்.

இன்னொன்று. ஓவியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் நம் நாட்டில் அவர் படைப்புக்கு உரிமைத் தடை இல்லை. ரவிவர்மா மறைந்தது 1906இல். அவருடைய ஓவியத்தின் தெளிவான பிரதி கிடைத்தால் நாகர்கோவிலில் ஒரு போட்டோ கடையில் கொடுத்து வேண்டிய அளவில் அச்சிட்டுக்கொள்ளலாம்.

4. கோட்டுச் சித்திரங்களைத் தேடுங்கள்.

ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்கு ஓவியர் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களைப் பாருங்கள். கறுப்பு மையில் கோடு மட்டும்தான், ஆனால் கல் உயிரோடு நிற்கும். இப்படிப்பட்ட பக்கங்கள் பழைய புத்தகக் கடையிலும் பழைய பேப்பர் கட்டிலும் கிடைக்கும். வண்ண அச்சு வெயில் பட்டு வெளுக்கும், கறுப்பு மை நாள்பட நிற்கும்.

5. பிரேமில் எங்கே சிக்கனம், எங்கே கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

என் தொழில் இது, ஆகவே விரிவாகச் சொல்கிறேன். பூவேலை செய்த தங்கநிறப் பீடிங் சட்டம் வேண்டாம். ஒல்லியான, வேலைப்பாடில்லாத பீடிங் போதும், அங்கே காசு மிச்சம். மவுண்ட் அட்டையில் மட்டும் கை வைக்காதீர்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அந்த அட்டை இல்லையென்றால், மழைக்காலத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிவிடும். பிறகு பிரித்தால் முகம் கண்ணாடியிலும் உடம்பு தாளிலுமாகப் போகும். செல்லோடேப்பால் படத்தை ஒட்ட விடாதீர்கள், அது மஞ்சளாகித் தாளைத் தின்னும். பின்பக்க விளிம்பு முழுவதும் காகிதம் ஒட்டி மூடச் சொல்லுங்கள், ராமபாணப் பூச்சி நுழையாது.

பிரேமின் கீழ் இரு மூலைகளிலும் பின்னால் ஒரு சின்ன மரத்துண்டோ கார்க்கோ ஒட்டுங்கள். படம் சுவரில் படியாமல் விலகி நிற்கும், நடுவே காற்று போகும், பூசணம் பிடிக்காது. மழை சாய்ந்து அடிக்கும் வெளிச்சுவரில் தாள் படமே வேண்டாம். உள்சுவரில் மாட்டுங்கள். ஆடி முடிந்ததும் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை எல்லாப் படங்களையும் இறக்கி, பின்பக்கம் துடைத்து, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள்.

6. உட்காரும் உயரத்துக்கு மாட்டுங்கள்.

உத்தரத்தை ஒட்டி உயரத்தில் மாட்டும் பழக்கம் நமக்கு. சாமி படம் அங்கே இருக்கட்டும். மற்றப் படங்களைப் பார்க்கிறவர் கண்ணுக்கு நேரே மாட்டுங்கள். நின்று நடமாடும் இடத்தில் படத்தின் நடு தரையிலிருந்து ஐந்தடி. பாய் விரித்து உட்காரும் அறையில் மூன்றரை அடி போதும். குவார்ட்டர்ஸிலும் வாடகை வீட்டிலும் சுவரெல்லாம் ஆணி அடிக்க முடியாது. ஒரு ரீப்பர் மரச்சட்டத்தை மட்டும் நீளவாக்கில் அடித்து, அதில் கொக்கிகள் போட்டுக் கம்பியில் தொங்கவிடுங்கள். பிறகு எத்தனை முறை மாற்றினாலும் சுவருக்குக் கேடில்லை.

7. செய்கிறவர்களிடம் போய் வாங்குங்கள்.

தோவாளை நமக்கு எட்டும் தூரம்தான். அங்கே அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து மணிபோலக் கோர்க்கும் மாணிக்க மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விசேஷ நாளில் நிலைவாசலுக்கு அப்படி ஒரு சரம் போதும். கடலோரப் பக்கம் போனால் பனைநார்ப் பெட்டியும் ஓலைப்பெட்டியும் கிடைக்கும், மணப்பாட்டின் ஓலை வேலை பேர்போனது. பத்தமடைக் கோரைப்பாய் ஒன்றைச் சுவரில் விரித்துத் தொங்கவிட்டால் ஓவியத்துக்குக் குறைவில்லை. மயிலாடியில் கல்வேலைப் பட்டறைகளில் சிறு விளக்கும் உரலும் செய்கிறார்கள். கல்லைச் செல்லரிக்காது, மழையும் அசைக்காது. கன்னியாகுமரிக்குப் போனால் அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் முதலில் விலை பார்த்துக்கொள்ளுங்கள், மற்றக் கடைகளில் ஏமாற மாட்டீர்கள். கொலு பொம்மையை நவராத்திரி முடிந்த பிறகு கேளுங்கள், மிஞ்சியது பெரும்பாலும் இறங்கிய விலைக்கு வரும்.

8. கையருகே கிடப்பதையும் பாருங்கள்.

ரப்பர் பால் பிடித்த பழைய சிரட்டையை மணல்தாளால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசினால் கருங்காலி போல மின்னும். ஓட்டை போட்டு பல்பு மாட்டினால் விளக்கு, மண் போட்டால் செடித்தொட்டி. ரப்பர் மரத் தடியில் அலமாரித் தட்டு மலிவாகச் செய்யலாம். ஆனால் மருந்து ஏற்றி உலர்த்திய தடிதானா என்று கேட்டு வாங்குங்கள், பச்சைத் தடியைப் பூச்சி துளைத்துவிடும். தடிக்கடையில் மிஞ்சிய பிலா, அயனி மரத் துண்டுகள் இருந்தால் இன்னும் நல்லது.

9. காட்டிலும் கடலிலும் கை வைக்காதீர்கள்.

காட்டுக்குள் காளிகேசம் போகும்போது அழகாக இருக்கிறதென்று ஆர்க்கிட் செடியையோ மான்கொம்பையோ கொண்டு வராதீர்கள். கடற்கரையில் பவளத் துண்டை யார் விற்றாலும் வாங்காதீர்கள். பவளமும் சில சங்கு, சிப்பி வகைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. வீட்டை அழகாக்க மலையை வறியதாக்கக் கூடாது. முற்றத்துக்குத் தெத்தியும் குரோட்டன்ஸும் பக்கத்து வீட்டுக் கொம்பிலிருந்தே வளரும்.

10. உங்கள் குடும்பம் சுவரில் தெரியட்டும்.

இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் பல நம் அரசு ரப்பர் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தன. அவர்கள் பெட்டிகளில் அந்தக் கரையில் எடுத்த போட்டோக்கள் இன்னும் இருக்கின்றன. மூலப் படத்தை மாட்டாதீர்கள். பிரதி எடுத்து அதை மாட்டி, மூலத்தை உலர்ந்த இடத்தில் வையுங்கள். படத்தின் பின்னால் பெயர், ஊர், வருஷம் எழுதுங்கள். பிள்ளைகள் வரைவதற்கு முன்பக்கம் திறக்கும் ஒரு பிரேமை ஒதுக்கி, மாதம் ஒரு படம் மாற்றுங்கள். தான் வரைந்தது கூடத்தில் தொங்குவதைப் பார்த்த பிள்ளை அடுத்ததை இன்னும் கவனமாக வரையும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டாம். ஓணமோ தீபாவளியோ கிறிஸ்மஸோ, வருஷத்துக்கு ஒரு நல்ல பொருள் போதும். பெட்டி முடைகிற அம்மாளிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். அவருக்குக் கட்டுப்படியானால்தான் உங்கள் பிள்ளைகள் குடித்தனம் வைக்கும்போதும் அந்தப் பெட்டி கிடைக்கும்.